லாரிக் கதவின் கண்ணாடி

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்தில் ஒன்பது பேரும் ஒரு கிழட்டு லாரியும் வாழ்ந்தார்கள். கடவுளைவிட லாரிக்குத்தான் இருளப்பன் அதிகம் பணிவிடை செய்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். காவி கட்டி மூன்று வருஷம் ஆகிறது.

குரு தவமணியம்மா அவரைவிட இருபது வயது இளையவர். அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணே" என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் ஒன்றுமில்லை.

அன்று காலை மேகம் தரைவரை இறங்கியிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. லாரிப் படியில் ஒரு கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார் இருளப்பன்.

மகள் சொர்ணவல்லி எழுதியிருந்தாள். கணவனுக்கு அந்தமானில் வேலை, இருவரும் கப்பல் ஏறுகிறார்கள். அதற்குமுன் இன்று மலையடிவாரத்துக்கு வருகிறாள். மத்தியான பஸ் வரும்வரை அங்கே இருப்பாள்.

அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று இருளப்பன் சத்தியம் செய்திருந்தார். அவர் நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தபோது மனைவி இறந்துபோனாள். சொர்ணவல்லிக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, வீட்டில் வேறு ஆளும் கிடையாது. இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் உடலை வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை தகனம் முடிந்தது. அன்று சாயங்காலம்தான் இவர் வந்து சேர்ந்தார். கடைசியாக ஒரு தரம் முகம் பார்க்க விடவில்லையே என்று மகள்மேல் மூண்ட ஆத்திரம் இன்னும் தணியவில்லை. ஆத்திரத்துக்குக் காவி கட்டிவிட்டால் அது துறவாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

"போகலாமாம்மா, கூடாதா? போனா பந்தம் மறுபடி வந்து ஒட்டிக்குமே" என்று அங்கே வந்த குருவிடம் கேட்டார்.

அம்மா லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இடது கதவருகே நின்றார். அதன் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் உடைந்து பல மாதமாகிறது. கைப்பிடி சும்மா சுற்றும். கண்ணாடி விழாமலிருக்க, எல்லா லாரிக்காரர்களும் செய்வதுபோல் இருளப்பன் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருந்தார். வேறு மெஷின் வாங்கி ஒரு வாரமாகியும் மாட்டவில்லை.

"முதல்ல இதை மாத்துவோம்ணே" என்றார் அம்மா.

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்ற மனத்தாங்கலோடுதான் இருளப்பன் ஸ்பேனரை எடுத்தார். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, மரத்துண்டை உருவினார். அம்மா கண்ணாடியின் இருபுறமும் உள்ளங்கைகளை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பழைய மெஷின் வெளியே வந்தது. பல்லெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது. புது மெஷின் சாமான் அறையில் இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"பிடிச்சுக்கங்கம்மா. இந்தா வந்துட்டேன்."

மெஷினை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் பாறை ஓரத்தில் கால் நின்றுவிட்டது. கீழே பஸ் நிற்கும் இடம் தெரிகிறதா என்று பார்த்தார். மேகம்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நிற்க, அந்த மேகத்துக்குள் அவர் வீட்டு வாசல் வந்தது. மனைவி சின்னப் பெண்ணாயிருந்த சொர்ணவல்லிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு இறங்கும் ஓசைகூடக் கேட்டது. இருளப்பன் லாரியிலிருந்து ஹாரன் அடித்தார். இருவரும் திரும்பவில்லை. மறுபடி அடித்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, அவருக்கே தெரியாது.

திரும்பி வந்தபோது கண்ணாடியைக் காணோம். கதவுக்குள் விழுந்து, ஒரு மூலை சில்லு தெறித்திருந்தது.

குருவிடம் பேசுகிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. "நான் வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியாதா?"

அம்மா கைகளை விரித்தார். சிவந்துபோயிருந்தன.

"முடிஞ்ச மட்டும் பிடிச்சேன்ணே. கூட ஒரு கை இல்லையே."

இருளப்பன் அந்தக் கைகளைப் பார்த்தார். அதற்குமேல் பார்க்க முடியாமல் தரையில் குந்திவிட்டார். மேகம் ஒன்று இருவருக்கும் நடுவில் மெல்லக் கடந்து போயிற்று.

பிறகு எழுந்து, கண்ணாடியைக் கதவுக்குள்ளிருந்து தூக்கினார். இந்த முறை ஒரு பக்கம் அம்மா தாங்க, மறு பக்கம் அவரே தோள் கொடுத்தார். ஒற்றைக் கையால் மெஷினைப் பொருத்தி நட்டுகளை முறுக்கினார். கைப்பிடியைச் சுற்றியதும் கண்ணாடி சத்தமில்லாமல் ஏறியது.

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சாவியைச் செருகினார், திருகவில்லை.

"அவகிட்டப் போய் என்னம்மா சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ணே" என்றார் அம்மா. "'அந்த ரெண்டு நாளும் தனியா எப்படிம்மா இருந்தே?'ன்னு கேளுங்க."