பெட்டகத்துக்குள் முதலாளி

திண்டுக்கல்லில் இரும்புப் பெட்டகம் செய்யும் கம்பெனி அது. வியாபாரம் படுத்ததும் முதலாளி தெய்வசிகாமணி, பூட்டு மாட்டும் சவரியம்மாளைக் கூப்பிட்டார்.

"நம்ம பலமே புது மிஷின்தான். பூட்டு மாட்டற நீங்க பதினோரு பேரும் நாளையிலிருந்து வேண்டாம். வேற பலம் இருந்தா இப்பவே காட்டு."

"காட்டறேன் முதலாளி. இந்த ஆளுயரப் பெட்டகத்துக்குள்ள கொஞ்சம் நில்லுங்க."

சிரித்தபடி உள்ளே போனார். அவள் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள்.

கும்மிருட்டு. பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். அவர் தன் மூச்சை அடக்கிப் பார்த்தார்; அந்த மூச்சு நிற்கவில்லை.

"திற!" என்று அலறினார்.

"மிஷின்கிட்ட சொல்லிட்டேன் முதலாளி. வந்து திறக்கும்" என்றாள் சாவித்துவாரம் வழியே.

மூச்சு அவர் கழுத்தருகே வந்தது.

"தாயீ, மிஷின் எப்படித் திறக்கும்? நீங்கல்லாம் வேணும்!"

கதவு திறந்தது.

"நம்ம பலத்தை நீங்களே சொல்லிட்டீங்க" என்றாள்.

பதினோரு பேரும் மறுநாள் வேலைக்கு வந்தார்கள். அந்தப் பெட்டகத்தை மட்டும் யாரும் விற்கத் துணியவில்லை.