ஆடிக் காற்றுக்கு ஏற்ற பந்து

ஒரு ஆடி மாதம், உடுமலைப் பக்கத்துக் காலனி ஒன்றில், துணிப்பைக்குள் இரண்டு பந்துகள் பேசிக்கொண்டிருந்தன.

இரண்டும் பிக்கிள்பால் பந்துகள். உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக். மட்டையால் வலைக்கு மேலே தட்டி ஆடுவார்கள். வெள்ளைப் பந்துக்கு இருபத்தாறு பெரிய ஓட்டை, மெத்தென்ற உடம்பு. மஞ்சளுக்கு நாற்பது சின்ன ஓட்டை, கெட்டி உடம்பு.

“சல்லடைன்னு நெனச்சு உன்னை வெச்சு மாவு சலிச்சிரப் போறாங்க, பாத்து இரு” என்றது வெள்ளை.

“சலிக்கட்டும், அதுவும் வேலைதானே” என்றது மஞ்சள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் சாயங்காலம் ஆறு மணி யாருக்கு என்று பெண்களுக்கும் ஆண்களுக்கும் போட்டி. ஆறு மணிக்குத்தான் பிள்ளைகள் டியூஷனில் இருப்பார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் பெண்களுக்குக் கிடைக்கும். ஆண்களும் அதையே கேட்டார்கள். தோற்றால் பெண்களுக்கு மத்தியானம் இரண்டு மணி, மண்டை காயும் வெயில்.

பந்து கொண்டுவருவது பெண்கள் முறை. பூரணி பைக்குள் கைவிட்டு இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். சந்தையில் கொய்யாப்பழம் அப்படித்தான் எடுப்பாள். வெள்ளை அமுங்கியது. மஞ்சள் அசையவில்லை.

“இது காய் மாதிரி இருக்குதுக்கா” என்று மஞ்சளைப் பைக்குள்ளேயே போட்டாள்.

அவளோடு ஜோடி சேர்ந்து ஆடும் சுகந்தி, “எடுத்தது எடுத்தாச்சு, வா புள்ள” என்றாள்.

வெள்ளை பெருமையாகக் களத்துக்குப் போனது. பூரணியும் சுகந்தியும் ஓங்கி அடிக்க மாட்டார்கள். மூலை பார்த்து மெதுவாக வைப்பார்கள். அதுதான் அவர்கள் பலம். ஆனால் வைத்த பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.

“காத்து, என்னை விடேன். நான் அந்த மூலைக்குப் போகணும்” என்று வெள்ளை கெஞ்சியது.

“நானா புடிச்சேன்? கதவெல்லாம் அகலமாத் தொறந்து வெச்சிருக்கே. உடம்புல கனமும் இல்ல. கூப்பிடறயாக்கும்னு வந்தேன்” என்றது காற்று.

எதிர்ப்பக்கம் ஆண்களுக்காக ஆடிய நடராசு சிரித்தார். “ஏனுங்க பூரணி, பந்து ஆடறீங்களா, பஞ்சு பறக்க விடறீங்களா?”

இரண்டுக்கு ஏழு என்று பெண்கள் பின்னால் இருந்தார்கள். பதினொன்று எடுத்தவர் ஜெயிப்பார். பூரணி தலை குனிந்து நின்றாள்.

“அக்கா, நான்தான் தப்பா எடுத்துட்டேன்.”

“அழுத்திப் பாத்துப் பழம் எடுக்கலாம். பந்து அடிச்சுத்தான் பாக்கோணும். அந்தக் காயை எடு” என்றாள் சுகந்தி. நடராசுவும் மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மஞ்சள் வந்தது. முதல் அடியிலேயே ‘டக்’ என்று சத்தம் போட்டது.

காற்று ஓடி வந்தது. “நில்லு, கொஞ்ச நேரம் பேசலாம்.”

“நாப்பது சந்து இருக்குது, எதுலயாவது பூந்து போய்க்க. எனக்கு மூலையில வேலை இருக்குது.”

காற்று பூந்து போய்விட்டது. பூரணி குறி வைத்த மூலையில் மஞ்சள் போய் விழுந்தது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று பெண்கள் ஏறினார்கள். நடராசு இப்போது மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தார்.

பெண்கள் பத்து, ஆண்கள் ஒன்பது. நடராசு ஓங்கி ஒரு அடி அடித்தார். மஞ்சளுக்கு உடம்பு அதிர்ந்தது. பூரணி அதை வலையோரமாக மெல்லத் தட்டினாள். அது வலையைத் தாண்டி அதன் அடியிலேயே விழுந்து, அங்கேயே அடங்கியது.

“ஆறு மணி உங்களுக்குத்தானுங்க” என்றார் நடராசு, மூச்சு வாங்கிக்கொண்டே. சுகந்தி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூரணியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பைக்குள் வந்த மஞ்சளை வெள்ளை பார்த்தது. ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டை வரை விரிசல். வெள்ளைக்கு மனசு கேட்கவில்லை.

“மழைக்கு மண்டபத்துக்குள்ள ஆடறப்போ என்னை எடுப்பாங்க. விரிசல் விட்ட பந்தை வெச்சு இனி யாரும் ஆட மாட்டாங்களே. நாளைக்கு ஆறு மணிக்கு நீ இருக்க மாட்டயே.”

மஞ்சள் சொன்னது:

“நான் இல்லாட்டி என்ன? ஆறு மணி இருக்குதில்ல.”