யார் கேட்டாலும் சொல்லாத குவளை

மரத்துக்கும் மட்டைக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கரும்பு வெட்டக் கடல் தாண்டிப் போன நம் ஆட்கள் ஒரு தீவில் குடியிருந்தார்கள். அரிவாள் பட்டால் கரும்பு "மெதுவா வெட்டுப்பா" என்று முனகும். எலுமிச்சை, பறிக்க வருகிறவனை வாய்க்கு வந்தபடி திட்டும். அந்தத் தீவின் பூர்வகுடிகள் தங்கள் முன்னோரின் முகத்தை மரத்தில் செதுக்கி வைத்திருந்தார்கள். அந்த முகங்களும் நல்லது கெட்டது சொல்லும்.

துறைமுகத்தில் அம்மாசி என்பவன் ஓலைக் கொட்டகை போட்டுக் கப்பல்காரர்களுக்குப் பானம் கலந்து கொடுத்து வந்தான். பேர்தான் அவனுக்கு, கைமணம் அவன் பெண்டாட்டி தையல்நாயகியுடையது. புதுச் சாராயம் கொஞ்சம், பீப்பாயில் கிடந்து நிறம் ஏறிய பழைய சாராயம் கொஞ்சம், எலுமிச்சைச் சாறு, பாதாம் பால் காய்ச்சிய பாகு, ஆரஞ்சுத் தோல், இலவங்கப்பட்டை ஊறிய தண்ணீர் என்று அவள் கலப்பாள். அவள் அண்ணன் வைத்தி தீவுக்காரர்களிடம் செதுக்கக் கற்றுக்கொண்டு, தங்கைக்கு ஒரு மரக்குவளை செய்து கொடுத்திருந்தான். உருண்டைக் கண்ணும், வாயை மூடிச் சிரிக்கும் முகமுமாக இருக்கும். கலக்கும்போதெல்லாம் தையல் அதனோடு பேசிக்கொண்டே இருப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு தையல் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடித்து அம்மாசி கொட்டகையைத் திறந்தான். என்ன கலப்பது, எப்படிக் கலப்பது என்று தெரியாமல் ஒரு எலுமிச்சையை எடுத்து நசுக்கினான். அப்போது குவளை பேசியது. வந்தது தையலின் குரல்.

"இந்தாங்க, அதை ஒட்டப் பிழியாதீங்க. கசப்பு இறங்கிடும்."

அம்மாசி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு குவளை சொல்லும், அவன் கலப்பான். அளவும் ஒரே அளவு இல்லை. காய் அதிகம் புளித்தால் பாகு ஒரு கரண்டி கூட விடச் சொல்லும். ஈரக்காற்று அடித்தால் பட்டைத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லும். அவன் எதையும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இருக்கும்போது எந்தப் புருஷன்தான் மனப்பாடம் செய்கிறான்?

பானத்தின் பேர் பக்கத்துத் தீவுகளுக்கும் போனது. கூடவே அம்மாசிக்குப் பயமும் வந்தது. யாராவது இருமினால்கூட ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நினைத்தான். குவளையைத் துணி போட்டு மூடி வைத்தான். பக்குவம் வெளியே போய்விடுமோ என்பதுதான் அவன் கவலையெல்லாம். அந்தக் குரல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை, பாவி மனுஷன்.

ஒரு நாள் மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு திரும்பினான். உள்ளே வைத்தி, துணியை விலக்கிக் குவளைக்கு முன்னால் குந்தியிருந்தான்.

"ஒரே ஒரு தடவை சொல்லும்மா," என்றான் மெதுவாக. "மாப்ளைக்குத் தெரிய வேணாம்."

குடம் கீழே விழுந்தது.

"மச்சானாச்சேன்னு உள்ள விட்டா, என் தொழில்லயே கை வைக்கிறியா? போ வெளிய! இனிமே இந்தப் பக்கம் காலடி வைக்காதே!"

வைத்தி எழுந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான். வியர்வை என்று அம்மாசி நினைத்தான்.

நம் ஆட்களிடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கும் வழக்கம் உண்டு. அணைத்துவிட்டால் வாங்கியவனே நினைத்தாலும் திருப்ப முடியாது. தீவில் கற்பூரத்துக்கு எங்கே போவது? அம்மாசி பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றை விளக்காகத் திருப்பி, சாராயம் ஊற்றிப் பற்றவைத்தான்.

"என் தலைமேல சத்தியம். இனி யார் கேட்டாலும் நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா என் உசுரு போயிடும்."

"யார் கேட்டாலுமா?" என்றது குவளை. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"யார் கேட்டாலும்தான்!"

உள்ளங்கையால் தீயை அடித்து அணைத்தான்.

மறுநாள் காலை முதல் கப்பல் ஆட்கள் வந்தார்கள். அம்மாசி எலுமிச்சையை எடுத்துக்கொண்டு, "ம், சொல்லு" என்றான். குவளை பேசவில்லை. மறுபடி கேட்டான். அப்போதுதான் தான் சொன்ன சொல் அவனுக்கே உறைத்தது. யார் கேட்டாலும் என்றால், அதில் அவனும் உண்டு.

"நான்தான் கேக்குறேன், தையலு. நான் வேற யாரோவா?"

குவளையின் மூடிய வாய் மெல்லத் திறந்தது. பெரிதாகத் திறந்தது. சொல்லத்தான் வந்தது. ஆனால் உருண்டைக் கண்கள் அவன் தலையைப் பார்த்தன. சொன்னால் அவன் உயிர் போகுமே! திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அம்மாசி கரும்புத் தோட்டத்துக்கு ஓடினான். வைத்தி கட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், கோவிச்சுக்காதே. குவளை உன்கிட்ட என்ன அளவு சொல்லுச்சு? அதையாவது சொல்லு."

வைத்தி நிமிர்ந்து பார்த்தான். "அளவா? நான் அதையா கேட்டேன் மாப்ளே? 'அண்ணா'ன்னு ஒரு தடவை கூப்பிடச் சொன்னேன். நான் அழுவுறதை நீ பார்த்துடக் கூடாதேன்னுதான் உனக்குத் தெரிய வேணாம்னேன்."

"கூப்பிட்டுச்சா?"

"அதுக்குள்ள நீ வந்துட்ட."

தன் கையாலேயே அவளை இரண்டாம் முறை அனுப்பிவிட்டோம் என்று அம்மாசி அந்த வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வைத்தி வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

பிறகு அம்மாசி தோராயமாகத்தான் கலந்தான். ஒரு நாள் புளித்தது, ஒரு நாள் திகட்டியது. குடித்துப் பார்த்தவர்கள் தங்கள் நாக்கு சொன்னபடி ஆளுக்கொரு விதமாகச் செய்து பார்த்தார்கள். அவனோ விற்கிற ஒவ்வொரு குவளைப் பானத்தின் மேலும் ஒரு எலுமிச்சை மூடியை ஏற்றி வைத்து, அது தானாக அணையும் வரை பக்கத்திலேயே நிற்பான். கையால் அணைக்காத தீ என்றைக்காவது அந்தச் சத்தியத்தைத் தளர்த்தாதா என்று ஒரு நப்பாசை.

அந்த நாள் தொட்டுத்தான் அந்தத் தீவுப் பானத்தை ஆளுக்கொரு அளவில் கலக்கிக்கொண்டு, தன்னுடையதுதான் அசல் என்று ஒவ்வொருவரும் சாதிக்கிறார்கள். அந்த நாள் தொட்டுத்தான் முகம் செதுக்கிய குவளைகள் வாயைத் திறந்தபடி ஒன்றும் சொல்லாமல் நிற்கின்றன. மேலே எரியும் எலுமிச்சை மூடியை மட்டும் யாரும் கையால் அணைப்பதில்லை.