தம்பியின் நெஞ்சைக் காட்டிய கடமான்

ஒரு காட்டில் கடமான் ஒன்று இருந்தது. பிள்ளைகளே, அதன் வீம்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மழைக்காலம் முடிந்ததும் அந்தக் காட்டில் ஓட்டப் பந்தயம் நடக்கும். அடிவாரத்தில் கிளம்பி, நிற்காமல் மலையுச்சி வரை ஓட வேண்டும். ஓடுகிற எந்த விலங்கும் முதலில் மரங்கொத்தியிடம் நெஞ்சைக் காட்ட வேண்டும் என்பது காட்டின் சட்டம். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லிவிடும் பறவை அது. நெஞ்சில் காதை வைத்தால் கோளாறைக் கண்டுபிடிக்காமல் விடுமா?

போன வருடம் அது காட்டுப்பன்றியை நிறுத்திவிட்டது. "உன் நெஞ்சு தப்புத் தப்பாக அடிக்கிறது. மலை ஏறாதே. தினமும் மெதுவாக நட, போதும்" என்றது.

பன்றி கேட்டுக்கொண்டது. ஆனால் குரங்குகள் விடவில்லை. "நோஞ்சான் பன்றி! நோஞ்சான் பன்றி!" என்று காடெல்லாம் கத்தி அதன் மானத்தை வாங்கின.

கடமானுக்கு அந்தக் கேலியை நினைத்துத்தான் பயம். பார்க்கப் பாறை மாதிரி இருக்கும். ஆனால் ஓடைக்கு இறங்கி ஏறினாலே மூச்சு வாங்கும், நெஞ்சைப் பிசையும். அப்படியிருந்தும், "இந்த வருடம் உச்சியை முதலில் தொடப்போவது நான்தான்" என்று குரங்குகளிடம் சவடால் அடித்துவிட்டது.

பிறகு தன் தம்பியைத் தனியே அழைத்தது.

"நாளைக் காலையில் என் பெயரைச் சொல்லி, மரங்கொத்தியிடம் உன் நெஞ்சைக் காட்டிவிட்டு வா. நம் இருவருக்கும் ஒரே சாயல்தானே!"

"அண்ணா, உனக்குத்தானே மூச்சு வாங்குகிறது? நீயே போய்க் காட்டேன்."

"வாயை மூடு! குரங்குகள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா?"

அண்ணனை எதிர்த்துப் பேசித் தம்பிக்குப் பழக்கமில்லை. போனது. மரங்கொத்தி பனிமூட்டத்தில் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டது. "அருமையான நெஞ்சு. தாராளமாக ஓடு" என்றது.

பந்தயம் தொடங்கியது. கடமான் எல்லோரையும் முந்தியது. "விடாதே! நிற்காதே!" என்று குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக் கூச்சல் போட்டன.

பாதி மலையில் கடமானுக்கு நெஞ்சு வலித்தது. கண் இருட்டியது.

"அண்ணா, நில்! நின்றுவிடு!" என்று தம்பி பின்னாலிருந்து அலறியது.

கடமான் அண்ணாந்து பார்த்தது. மேலே குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன. அது நிற்கவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே அதன் முன்னங்கால்கள் மடங்கின. அப்படியே சரிந்தது.

மரங்கொத்தி பறந்து வந்து அதன் நெஞ்சில் காதை வைத்தது. உடனே துள்ளி எழுந்தது. "இது நான் கேட்ட நெஞ்சு இல்லை!"

"அது... அது என் நெஞ்சு" என்று தம்பி அழுதது.

மரங்கொத்தியின் கொண்டை சிலிர்த்தது.

"தெரிந்துதானே வந்தாய்? அப்போதே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தம்பியிடம் சீறிவிட்டுக் கடமான் பக்கம் திரும்பியது. "முட்டாளே! என்னை ஏமாற்றினாய், சரி. உன் நெஞ்சை ஏமாற்ற முடிந்ததா? சிரிப்பார்கள் என்று பயந்தாயே, செத்துப்போவோம் என்று பயம் வரவில்லையா? எழுந்து பதில் சொல்!"

கடமான் எழவில்லை. அதன் நெஞ்சு நின்றுவிட்டிருந்தது.

"குரங்குகளே! இப்போது கத்துங்கள் பார்க்கலாம்!" என்று மரங்கொத்தி மேலே பார்த்துக் கத்தியது. குரங்குகள் ஒவ்வொன்றாக இலைகளுக்குள் நழுவிப் போய்விட்டன.

அடிவாரத்தில் தினமும் மெதுவாக நடக்கும் அந்த நோஞ்சான் பன்றி மட்டும், கீழே கொண்டுவரப்பட்ட கடமானின் அருகில் வந்து, தம்பியை ஒட்டி நின்றது.

நீதி: பெரிய ஓட்டத்துக்கு முன் உன் நெஞ்சைச் சோதித்துக்கொள், கேலிக்குப் பயந்து அதை மறைத்தால், உயிரைத்தான் இழப்பாய்.