கணவாய்க்கு இருபுறமும் ஒரு தவளை

"போதும் மேடம். நான் ஊருக்குப் போறேன்," என்றாள் ராஜகனி.

ஜன்னத் மேடம் காலுறையில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எப்போ அக்கா?"

"நாளைக்குக் காலை பஸ்ஸுக்கு."

ஆசிரியை மாணவியை அக்கா என்பதும், அந்த அக்கா ஆசிரியையை மேடம் என்பதும் அந்த மலையடிவார ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் விநோதமில்லை. ராஜகனி காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவள். மேடம் அவளைவிட ரொம்ப இளையவர். தலையில் ஒரு நரைகூடக் கிடையாது, பாவி!

"என்னாச்சு?"

"என்ன ஆகணும்? மறுபடியும் அதே பதில்தான்."

கேள்வி என்னவோ சின்னதுதான். செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே ஒரு தவளை. தெற்கே ஒரு தவளை. புள்ளிக்குப் புள்ளி ஒரே ஜாடை. இரண்டும் ஒரே இனமா, இல்லை ஒன்றுக்கொன்று தூரத்து உறவா? இதைச் சொல்லிவிட்டால் ராஜகனிக்குப் பட்டம். கண்ணுக்கு அக்கா தங்கச்சியாகத் தெரிந்தவை, ஜீனைப் பார்த்தால் யாரோ எவரோ என்று நின்றன. வருஷக்கணக்காக இதே கூத்து.

ஜீன் என்பது ஒரே நீட்டாக எழுதிய சங்கதி இல்லை. துண்டு துண்டாக இருக்கும். துண்டுக்கு எக்ஸான் என்று பேர். உடம்பு அதைப் பிரதி எடுக்கும்போது, தேவையான துண்டுகளை ஒட்டிக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ராஜகனிக்கு இது தெரியாதா என்ன? பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள்தானே. என்ன பிரயோஜனம்!

வடக்குத் தவளை ரோட்டில் வண்டி ஏறிக் கிடந்தது. கெட்டுப்போகுமுன் ஈரலை எடுத்து வைத்தாள்.

தெற்குத் தவளை உயிரோடு கையில் துள்ளியது. கொல்ல மனசு வரவில்லை. கால்விரல் நுனியில் துளித் தோலை மட்டும் நறுக்கிக்கொண்டு, தவளையை ஓடையில் விட்டுவிட்டாள்.

இரண்டிலிருந்தும் ஒரே ஜீனின் பிரதியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தலை பொருந்தியது. வால் பொருந்தியது. நடுவில் பொருந்தவே இல்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

"எனக்கு அலுத்துப்போச்சு மேடம். உடம்பும் கேக்கல, மனசும் கேக்கல."

மேடம் அடுத்த காலுறையை எடுத்தார்.

போன் அடித்தது. அந்தக் கட்டடத்தில் மேடத்தின் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். எந்த வீட்டு ரகசியமும் அவர் காதில் விழாமல் போகாது.

சென்னையிலிருந்து மகள். ராஜகனி ஜன்னலோரம் நின்று பேசினாள்.

"காலையிலேருந்து மழைம்மா. இட்லி சாப்பிட்டேன், சூடா நல்லா இருந்துச்சு. மேடம் டீ போட்டுக் குடுத்தாங்க. வச்சிரட்டுமா?"

வைத்த கையோடு வீட்டுக்காரர்.

"காலையிலேருந்து மழைங்க. ஓடையில வழுக்கி விழுந்து முட்டி பேந்துபோச்சு. மேடம் டீ போட்டுக் குடுத்தாங்க. வச்சிரட்டுமா?"

போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

"இப்போ பேசினது யாரு அக்கா?" என்றார் மேடம்.

"நான்தான். வேற யாரு?"

"ரெண்டு பொம்பளைங்க பேசின மாதிரி இருந்துச்சு. ஒருத்தி இட்லி சாப்பிட்டா. இன்னொருத்தி ஓடையில விழுந்தா."

ராஜகனிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நானே நொந்துபோய் நிக்கிறேன், கிண்டலா மேடம்? மக நிறைமாசம். விழுந்தேன்னு சொன்னா பதறிருவா. அவருக்குச் சொன்னாத்தான் நாளைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வருவாரு. ரெண்டும் இன்னிக்கு நடந்ததுதானே? பொய்யா சொன்னேன்? யாருக்கு எது வேணுமோ அதைச் சொன்னேன். மத்ததை விட்டுட்…"

நிறுத்திவிட்டாள்.

வெளியே மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"வடக்க ஈரல்கிட்ட கேட்டேன்," என்றாள் மெதுவாக. "தெக்க தோல்கிட்ட கேட்டேன். அதது தனக்கு வேண்டிய துண்டை மட்டும் சொல்லிருக்கு."

மேடம் உப்பைத் தட்டிவிட்டார்.

"அட என் புத்தியே!" ராஜகனி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்போ ரெண்டும் ஒரே இனம்தானா மேடம்?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க இன்னும் கேக்கவே இல்லையே அக்கா."

ராஜகனி சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். நறுக்கிய தோலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஈரலும் இருந்தது. பிரதியை விட்டுவிட்டு மூலத்தையே எடுக்க வேண்டும். அது ஈரலிலும் ஒன்றுதான், தோலிலும் ஒன்றுதான். வழி தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அழுகைதான் வந்தது.

"திரும்ப முதல்லேருந்தா?"

மேடம் எழுந்து வந்து அவள் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன நடந்துச்சு அக்கா?"

"அதான் கேட்டீங்களே."

"மகளுக்குச் சொன்னதைக் கேட்டேன். வீட்டுக்காரருக்குச் சொன்னதைக் கேட்டேன்."

ராஜகனி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"விழுந்தேன்ல மேடம்… உடனே எந்திரிக்கல. தண்ணிக்குள்ளயே கிடந்தேன். எந்திரிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறோம்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"தலைமாட்டுல ஒரு தவளை கத்துச்சு. எந்த இனம்னு பாக்கலாமேன்னு எந்திரிச்சேன்."