ஒன்றேகால் வரவு, அரைக்கால் இருப்பு

மூங்கில் காட்டில் முள்ளி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. தினமும் சாயங்காலம் அது தன் வளை வாசலில் இரண்டு தேக்கிலைகளை விரிக்கும். ஒன்றில் தனக்குக் கிழங்கு வைக்கும். இன்னொன்றில் கூரனுக்கு வைக்கும்.

கூரன் அதன் புருஷன். போன வருடம் அடைமழை தொடங்குவதற்கு முந்தின நாள், "அக்கரையில நல்ல கிழங்கு இருக்காம். போயிட்டு இருட்டறதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிப் போனது. அன்றைக்கே வெள்ளம் வந்துவிட்டது. பிறகு வெள்ளம் வடிந்தது. கூரன் வரவில்லை.

கூரனுக்கு வைத்த கிழங்கை எறும்புகள் தின்றன. அந்தக் காட்டிலேயே கொழுத்த எறும்புகள் முள்ளி வீட்டு எறும்புகள்தாம்!

அந்தப் பங்குனியில் மூங்கில் பூத்து அரிசி கட்டியது. மூங்கில் நாற்பது வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். அரிசி தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அணில், காட்டுக்கோழி, சருகுமான் எல்லாம் ஓடி ஓடிப் பொறுக்கின. அப்போது நரி வந்து ஒரு யோசனை சொன்னது.

"ஆளாளுக்கு வளையில பதுக்கினா பூஞ்சை பிடிச்சுப் போயிடும். எல்லாத்தையும் என்கிட்ட கொடுங்க. இலவமரப் பொந்துல கூட்டுச் சேமிப்பு வைப்போம். சும்மா பூட்டி வைக்க மாட்டேன், பெருக்கித் தருவேன்! அடைமழைக்கு முன்னாடி அவங்கவங்க பங்கை வாங்கிக்கலாம்."

"உமக்கு என்ன கூலி?" என்று காட்டுக்கோழி கேட்டது.

"நான் என்ன அரிசி தின்கிற ஆளா? சேமிப்பு எப்படி இருக்குன்னு பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம்ம கொத்தனார் மதிப்பெண் போடட்டும். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு நண்டு. அது போதும்!"

மரங்கொத்தியைத்தான் காட்டில் எல்லோரும் கொத்தனார் என்று கூப்பிடுவார்கள். ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா, உளுத்துப் போயிருக்கிறதா என்று சொல்லிவிடும் அது. கணக்கிலும் புலி. கொத்தனார் பார்க்கிறார் என்றதும் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

அரிசியைத் தேக்கிலைத் தொன்னையால் அளந்து போட்டார்கள். மொத்தம் நானூறு தொன்னை சேர்ந்தது. முள்ளி தன் பெயரில் நாற்பது போட்டது. பிறகு இன்னொரு நாற்பது பொறுக்கி வந்து, "இது அவரு பேருல" என்று கூரன் பெயரில் போட்டது. அதைப் பொறுக்கப் பதினோரு நாள் ஆயிற்று. முதுகு வலித்தது. ஆனாலும் அந்தப் பதினோரு நாளும் அது சந்தோஷமாக இருந்தது.

பௌர்ணமி வந்தது. நரி ஓர் இலையில் நகத்தால் கணக்கைக் கீறிக் கொத்தனாருக்கு அனுப்பியது.

'பொந்தில் இருப்பது ஐம்பது. அக்கரைக் காட்டுப்பன்றிகளுக்கு இருநூறு கடன் கொடுத்திருக்கிறேன், மழைக்கு முன் முந்நூறாகத் தருவார்கள். மண்ணில் நட்டது நூற்றைம்பது. ஆக வரவு ஐந்நூறு.'

கொத்தனார் தன் கிளையைவிட்டு அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டது.

"வரவைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதால வகுக்கணும். ஒண்ணுக்கு மேல வந்தா சேமிப்புக்கு ஆரோக்கியம். ஒண்ணுக்குக் கீழ வந்தா காய்ச்சல். ஐந்நூறை நானூறால வகுத்தா... ஒன்றேகால்! பேஷ்!"

பறந்து வந்து இலவமரப் பட்டையில் ஒன்பது பொட்டுக் கொத்தியது. பத்துக்கு ஒன்பது! விலங்குகள் துள்ளிக் குதித்தன. நரி ஒன்பது நண்டு தின்றது. ஊரே மரங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லும் கொத்தனார், தான் பொட்டு வைத்த மரத்தை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை. கெட்டிக்காரர்கள் சறுக்கும் இடம் இப்படித்தான் இருக்கும்!

சித்திரை வந்தது. ஆறு கணுக்கால் அளவுக்கு வற்றியது. முள்ளி நரியிடம் ஓடியது.

"நரியாரே, என் நாப்பது, அவரு நாப்பது, எண்பது தொன்னையும் கொடுங்க! அக்கரைக்குப் போறேன். அந்தப் பக்கம் ஒரே பொட்டலாம், வழிச் சாப்பாடு வேணும். அவரைக் கண்டுபிடிச்சா அவருக்கும் கொடுக்கணும். இளைச்சுப் போயிருப்பாரு."

நரிக்குத் திக்கென்றது. பொந்தில் ஐம்பதுதானே இருக்கிறது! ஆனால் நரியின் நாக்குக்கு எப்போதாவது பஞ்சம் வந்ததுண்டா?

"அடடா, முள்ளியம்மா! நல்ல சேதி சொல்லணும்னு நானே உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டிருந்தேன். அக்கரைப் பன்றிங்க உங்க வீட்டுக்காரரைப் பார்த்தாங்களாம்! கடனைக் கட்ட வரும்போது அவரையும் கையோட கூட்டிட்டு வருவாங்க. நீங்க இப்படிப் போயி, அவரு அப்படி வந்து, ரெண்டு பேரும் தவறிப் போனா என்ன பண்ணுவீங்க?"

முள்ளி ஓரடி நெருங்கி வந்தது.

"நல்லா இருக்காரா?"

"நல்லா இல்லாம?"

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்காம இருப்பாரா?"

நரி சொன்ன பதிலெல்லாம் கேள்வியாகவே இருந்ததை முள்ளி கவனிக்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தது. அன்று கூரன் இலையில் இரண்டு கிழங்கு கூடுதலாக வைத்தது.

அன்றிலிருந்து யாராவது சேமிப்பைக் குறை சொன்னால் முள்ளிக்கு ஆகாது. பன்றிகள் வந்தால் கூரன் வரும். பன்றிகள் வராது என்றால்? அதை நினைக்கவே அது மறுத்தது.

"பன்றி கடனைத் திருப்பிக் கட்டினதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா, முள்ளி?" என்று ஒருநாள் காட்டுக்கோழி கேட்டது.

முள்ளியின் முட்கள் சிலிர்த்து நின்றன. "கொத்தனார் ஒன்பது பொட்டு வச்சிருக்காரு! நீ என்ன கொத்தனாரைவிடப் பெரிய ஆளா? போடி அந்தப் பக்கம்!"

காட்டுக்கோழி இரண்டு இறகை இழந்துவிட்டு ஓடியது. அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வைகாசி முடிந்தது. மேற்கே மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்தில் பெருகியது. அடைமழைக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. பங்கு பிரிப்பதற்கு முன்னால், மழைக்கு எந்த வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்கக் கொத்தனார் வளை வளையாகப் போய் வாய்க்கணக்கு எடுத்தது. எந்த வீட்டில் தின்கிற வாய் எத்தனை என்று எண்ணுவதுதான் வாய்க்கணக்கு. முள்ளி வீட்டுக்கும் வந்தது.

"முள்ளி, உன் வீட்டுல எத்தனை வாய்?"

"ரெண்டு."

கொத்தனார் வளைக்குள் எட்டிப் பார்த்தது. "ஒண்ணுதானே தெரியுது?"

"அவரு வரவேண்டியிருக்கு. அவரையும் சேர்த்து ரெண்டு."

கொத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா எண்ணினே போ! வரவேண்டியவரை இருக்கறவங்களோட சேர்த்து எண்ணுவாங்களா யாராவது? வச்ச கிழங்கை எறும்பு தின்னுட்டிருக்கு. இதைப் போயி ரெண்டுன்னு எழுதினா நாலு பேரு சிரிப்பாங்க!"

முள்ளியின் முட்கள் எழுந்தன.

"ஏன், நீங்க எண்ணலையா?"

"நானா?"

"பன்றிங்ககிட்டேருந்து வரவேண்டிய முந்நூறை வரவுன்னு எண்ணித்தானே ஒன்பது பொட்டு வச்சீங்க! அந்தப் பொட்டை நம்பித்தானே நான் கோடை முழுக்க இங்கயே உட்கார்ந்திருந்தேன்! உங்களுக்கு வரவேண்டியது வரவுன்னா, எனக்கு மட்டும் வரவேண்டியவரு வந்தவரு இல்லையா?"

கொத்தனார் திரும்பி இலவமரத்தைப் பார்த்தது. முள்ளிக்கும் தான் சொன்னது அப்போதுதான் தன் காதில் விழுந்தது. அது மெதுவாகத் திரும்பிக் கூரனின் இலையைப் பார்த்தது.

வரவேண்டியவருக்கும் வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் காட்டில் முள்ளியைவிட யாருக்குத் தெரியும்? ஒரு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது! பார்த்தது, எண்ணவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

முட்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன.

"வாங்க, கொத்தனாரே. மரத்தைத் தட்டிப் பார்த்துடலாம்" என்றது முள்ளி.

இருவரும் இலவமரத்துக்குப் போனார்கள். கொத்தனார் அடியிலிருந்து தட்டியது. டொக், டொக். ஒரு முழம் ஏறியது. டொம்! இன்னும் ஏறியது. டொம், டொம், டொம்! உச்சி வரைக்கும் வெறும் பொந்து!

கொத்தனார் அங்கேயே கணக்கைத் திருப்பிப் போட்டது. "கையில இருக்கறது ஐம்பது. கொடுக்கவேண்டியது நானூறு. வகுத்தா... ஐயையோ, அரைக்கால்! எட்டுல ஒரு பங்கு! ஒன்றேகால்னு சொன்னேனே! இது அரைக்கால்லதானே நின்னுட்டிருக்கு!"

தட்டிய சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். நரியும் வந்தது.

"பதறாதீங்க, பதறாதீங்க! பன்றிங்க வந்துட்டே இருக்காங்க!"

"ஆத்தைப் பாருங்க நரியாரே. இதுல எப்படி வருவாங்க?" என்றது அணில்.

"அப்படின்னா நட்டது இருக்கே! முளை விட்டிருக்கு. வந்து பாருங்க!"

"எப்ப அரிசி கிடைக்கும்?" என்று சருகுமான் கேட்டது. அது முந்தின நாள்தான் குட்டி போட்டிருந்தது. நிற்கவே முடியாமல் நின்றது.

நரி தொண்டையைக் கனைத்தது. "மூங்கில்தானே? இன்னும் ஒரு நாப்பது வருஷம்..."

"நாப்பது வருஷமா! எங்க வம்சத்துலயே பத்து வருஷம் இருந்தவங்க கிடையாதே!"

எல்லோரும் கத்தினார்கள். முள்ளி மட்டும் கத்தவில்லை. அது நரியின் அருகில் போய் நின்றது.

"நரியாரே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பன்றிங்க அவரைப் பார்த்தாங்களா?"

"பெரிய காடாச்சே, முள்ளியம்மா. ஏதாவது ஒரு முள்ளம்பன்றியைப் பார்க்காமலா இருந்திருப்பாங்க?"

"பார்த்தாங்களா?"

நரி தரையைப் பார்த்தது. "எனக்குத் தெரியாது" என்றது.

ஆறு இரைந்துகொண்டு ஓடியது. முள்ளி அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு அழுதது.

"சித்திரையில கணுக்கால் தண்ணிதானே இருந்தது! நடந்தே போயிருப்பேனே! நடந்தே போயிருப்பேனே!"

நரியைக் குத்தக்கூட அதற்குத் தோன்றவில்லை. அரிசி போனால் அடுத்த மழைக்குள் வேறு ஏதாவது பொறுக்கலாம். போன கோடையை எங்கே பொறுக்குவது?

அதற்குள் பொந்தை நோக்கி எல்லோரும் பாய்ந்தார்கள். அணில் சருகுமானை மிதித்துக்கொண்டு ஏறியது. முள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பொந்து வாசலில் முட்களை விரித்து நின்றது.

"ஒருத்தரும் கிட்ட வராதீங்க! இருக்கறது ஐம்பது. எட்டுத் தொன்னை போட்டவங்களுக்கு ஒரு தொன்னை. வலுத்தவனுக்கும் அதேதான், இளைச்சவனுக்கும் அதேதான். கொத்தனாரே, நீங்களே அளங்க!"

கொத்தனார் அளந்தது. எல்லோருக்கும் எட்டில் ஒன்று கிடைத்தது. கொஞ்சம்தான். ஆனாலும் கிழங்கும் வேரும் சேர்த்துத் தின்றால் மழையைத் தள்ளிவிடலாம். கடைசியில் முள்ளியின் முறை வந்தது.

"உனக்கு அஞ்சு. கூரனுக்கு அஞ்சு" என்றது கொத்தனார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாய்க்கணக்குல ரெண்டுன்னு எழுதவா, முள்ளி? நான் சிரிக்க மாட்டேன்" என்றது.

முள்ளி வேண்டாம் என்று தலையசைத்தது.

"ஒண்ணுன்னு எழுதுங்க" என்றது.

கூரனின் ஐந்து தொன்னையைச் சருகுமானின் முன்னால் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வளைக்குப் போய்விட்டது.

கொத்திய பொட்டை அழிக்க முடியாது. அதனால் கொத்தனார் ஒன்பது பொட்டுக்குப் பக்கத்தில், தன் வெட்கத்துக்கு அடையாளமாக, ஒரு பெரிய ஓட்டையைப் போட்டுவைத்தது. அதிலிருந்து தட்டிப் பார்க்காமல் அது யாருக்கும் பொட்டு வைப்பதில்லை. நரி, "கடன் வசூலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. இன்னும் வரவில்லை. அதை யாரும் வரவேண்டியதில் எழுதி வைக்கவும் இல்லை.

அடைமழை பெய்தது. முதல் நாள் சாயங்காலம் முள்ளி பழக்கத்தில் இரண்டு இலைகளை எடுத்தது. ஒன்றை விரித்தது. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தது. பிறகு மடித்து உள்ளே வைத்தது. எறும்புகள் வந்து வாசலில் தேடிவிட்டுப் போயின.

மழை ஓய்ந்தது. ஆறு மெல்ல மெல்ல வடிந்தது. முள்ளி இந்தத் தடவை யாரிடமும் எதையும் போட்டுவைக்கவில்லை. ஒரு வாய்க்கு வேண்டிய கிழங்கைத் தானே தோண்டி, தன் வளையிலேயே காயவைத்துச் சேர்த்தது. சித்திரையில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய அன்று காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. மடித்து வைத்த அந்த இலை சருகாகிவிட்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டது.

கூரனைக் கண்டுபிடித்ததா என்று கேட்கிறீர்களா? எனக்கும் கேட்க ஆசைதான். ஆனால் முள்ளி அக்கரை ஏறியது வரைக்கும்தான் கொத்தனார் பார்த்தது. மிச்சம் எனக்குத் தெரியாது, தெரியாததை நான் வரவில் எழுத மாட்டேன்.

வரவேண்டியதற்காக ஆயுள் முழுக்கக்கூடக் காத்திருக்கலாம், ஆனால் கையில் வந்து சேர்ந்ததை மட்டும்தான் இருப்பு என்று எண்ண வேண்டும்.