பதினெட்டு முடிந்தவர் கையெழுத்து

செண்பகவல்லி கபடிக்காரி, வயது பதினேழு. பரிசுப் பணத்தில் ஒரு மனையைப் பேசி முடித்திருந்தாள். பத்திரம் பதிகிற அன்று காலையில், அந்தப் பக்கம் பைபாஸ் வருகிறதென்று சேதி வந்தது. இனி விலை ஏறுமென்று நிலக்காரர் வையாபுரிக்கு விற்க மனசில்லை.

பதிவு அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் கையை விரித்தார். "மைனர் கையெழுத்து செல்லாதே பாப்பா! சட்டம் மட்டும் இடம் கொடுத்தா, இந்த நிமிஷமே எழுதிக் கொடுத்துடுவேன்."

"எனக்குக் கார்டியனா அப்பா வந்திருக்காரு. முழுப் பணமும் டிராஃப்ட்டா இருக்கு," என்றாள். "நான் வாங்குறவதானே? விக்கிறவருக்குத்தான் வயசு வந்திருக்கணும்."

சார்பதிவாளர் ஆமாமென்று தலையாட்டினார். கூட்டம் வையாபுரியைப் பார்த்தது.

செண்பகவல்லி பேனாவை நீட்டினாள்.

"ஐயாவுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சுல்ல?"

அறுபத்திரண்டு வயதுக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார்.